இன்புளூயன்சா கண்காணிப்பு: ஆய்வுக்கூடத்தின் பங்கு

இன்புளூயன்சா வைரஸ் தன் மேற்புரதங்களை இடைவிடாது மாற்றிக்கொள்கிறது. எனவே சென்ற ஆண்டின் தடுப்பூசி இவ்வாண்டு போதிய பயன் தராமற் போகலாம். இம்மாற்றங்களை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூட வலையமைப்பு 1952 முதல் இயங்குகிறது. புணேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் அதன் இந்திய மையமாகும்.

நோயாளிகளின் மூக்கு, தொண்டை மாதிரிகளில் வைரஸின் வகையும் மரபணு வரிசையும் ஆராயப்படுகின்றன. உற்பத்திக்குச் சுமார் ஆறு மாதங்கள் ஆவதால், வட அரைக்கோளத்திற்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்திற்குச் செப்டம்பரிலும் தடுப்பூசியின் கூறுகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

2020 மார்ச்சுக்குப் பின் பி-யமகாட்டா கிளை உறுதியாகக் காணப்படாமையால், அக்கூறு இனித் தேவையில்லை என 2023 செப்டம்பரில் முடிவாயிற்று. ‘இல்லை’ என்று துணிந்து கூறுவதற்கும் இடையறாத சோதனை வேண்டும். மாவட்ட மருத்துவமனை குளிர்நிலையில் அனுப்பும் ஒரு மாதிரியும் இம்முடிவுகளுக்கு அடிப்படையாகிறது.