நில அளவையும் பொதுச் சார்புக் கொள்கையும்

காணி என்பது நிலத்தையும் அதன் அளவையும் குறிக்கும் பழஞ்சொல். அச்சொல்லைத் தன் பெயரில் தாங்கிய காணிப்பாக்கம், ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூருக்கு அருகே உள்ளது. அங்கே ஒரு காணி நிலத்தை அளப்பவர், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்றே கணக்கிடுவார். அதனால் பிழை நேராது.

காணிப்பாக்கம், சித்தூர், திருப்பதி ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட முக்கோணமோ வேறு வகையானது. அதன் பரப்பு 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பூமி உருண்டையாதலின், சுமார் 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை வீதம் கோணங்களின் கூடுதல் மிகும். பாகையில் 3,600-இல் ஒரு பங்கே விகலை. ஆகவே இங்கு மிகை ஏறக்குறைய ஒன்றரை விகலையாகும். 1802-ஆம் ஆண்டில் லாம்டன் சென்னையில் தொடங்கிய பெரும் நில அளவையைப் போன்ற பணிகளில் இம்மிகையைப் புறக்கணித்தல் இயலாது.

இதனால் அறியத்தக்கது யாது? ஒரு பரப்பைவிட்டு வெளியே செல்லாமலே, அதனுள் எடுத்த அளவுகளைக் கொண்டு அதன் வளைவை அறியலாம். இவ்வுண்மையைக் காஸ் 1827-இல் நிறுவினார். ரீமான் 1854-இல் அதை எத்தனை பரிமாணங்களுக்கும் விரித்தார். இடமும் காலமும் இணைந்த நான்கு பரிமாண வெளிக்கு அக்கணிதத்தைப் பொருத்தி, ஈர்ப்பு என்பது அவ்வெளியின் வளைவே என்று ஐன்ஸ்டீன் 1915-இல் கூறினார். பூமிப் பரப்பின் வளைவும் இவ்வளைவும் ஒன்றல்ல; அறியும் முறையே ஒன்று.

காற்றின் தடையின்றி அருகருகே விழும் இரு கற்களைக் கருதுக. ஒவ்வொன்றும் பூமியின் மையத்தை நோக்கிச் செல்லுமாதலின், அவை விழ விழ நெருங்கும். அவற்றோடு உடன் விழுபவர் தம் எடையை உணரார். எனினும் அந்நெருக்கம் மறையாது. வளைவின் அடையாளம் அதுவே. தடையின்றி இயங்கும் பொருள்களின் பாதைகள் ஈர்ப்பினால் எவ்வாறு குவிகின்றன என்பதைக் காட்டும் சமன்பாட்டைக் கொல்கத்தாவில் பணியாற்றிய அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்டார்.

சூரியனின் விளிம்பையொட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை திரும்பும் என்பது ஐன்ஸ்டீனின் கணிப்பு. 1919 மே 29-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்கள் அதற்குச் சான்றளித்தன. மேற்கண்ட முக்கோணத்தின் மிகையும் அதற்கு நெருங்கிய அளவினதாயிருப்பது தற்செயலே. ஆயினும், இத்துணைச் சிறிய வேறுபாட்டையும் தள்ளிவிடாத கவனம் இரு துறைகளுக்கும் பொதுவானது.

எனவே ஆசிரியர்கள் சமன்பாடுகளிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. பூகோள உருண்டையில் நிலநடுக்கோட்டையும், 90 பாகை இடைவெளியுள்ள இரு தீர்க்க ரேகைகளையும் நூலால் குறித்து, வடதுருவத்தில் இணைக்கச் செய்க. மூன்று செங்கோணங்களையுடைய முக்கோணத்தை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

பயிற்சி: 985 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கோணத்தின் கோண மிகை எவ்வளவு? (விடை: 5 விகலை.)