ஃபிரிட்ஜில் வைத்தால் பயமில்லையா?

பாலாற்று ஏரியை ஒட்டிய பேத்தமங்களா பகுதியில் பல வீடுகளில் மாடு உண்டு. 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடியபின், அருகிலுள்ள தங்கவயல் குடும்பங்களில் பலர் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஞாயிறு வைத்த குழம்பு புதன்வரை ஃபிரிட்ஜில் இருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஃபிரிட்ஜின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: குளிரில் கிருமி செத்துவிடும்.

சாகாது. பெரும்பாலான கிருமிகள் பெருகும் வேகம்தான் குறையும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவோ 4 டிகிரி குளிரிலும் மெல்லப் பெருகிக்கொண்டிருக்கும். நாற்றமும் வராது, ருசியும் மாறாது. சைவம் சாப்பிட்டால் தப்பலாம் என்பதும் சரியல்ல. 1981-இல் கனடாவில் 41 பேருக்கு லிஸ்டீரியா நோய் வந்தது முட்டைக்கோஸ் சாலட்டால். ஆட்டு எரு போட்டு விளைந்த கோஸ், குளிர்கிடங்கில் நெடுநாள் இருந்து, பச்சையாகவே பரிமாறப்பட்டது. அந்த 41 நேர்வுகளில் 34 கர்ப்பிணிகளையும் பிறந்த சிசுக்களையும் சேர்ந்தவை.

நம்பிக்கை: கெட்டதைத் தின்றால் மறுநாளே வயிறு காட்டிக்கொடுக்கும்.

லிஸ்டீரியா உடலுக்குள் பரவிய நோயாக வெளிப்பட 70 நாள்வரை ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? 2017-இல் தென்னாப்பிரிக்கா இப்படித்தான் திணறியது. நோயாளிகள் கூடிக்கொண்டே போக, மூலம் மட்டும் பிடிபடவில்லை. 2018 ஜனவரியில் சோவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்கு வந்தார்கள். காப்பகத்தின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தபோது, அங்கே ஏழைகளும் வாங்கும் போலோனி என்ற இறைச்சிப் பண்டம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போலோக்வானே நகரத் தொழிற்சாலைவரை போனார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது: மொத்தம் 1,060 பேருக்கு நோய், 216 சாவு. நோயுற்றவர்களில் பத்தில் நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள்.

நம்பிக்கை: இதெல்லாம் வெளிநாட்டு நோய்.

அபூர்வமான நோய்தான், உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் பத்துப் பேருக்கு மேல் வருவதில்லை. ஆனால் வந்தவர்களில் ஐந்தில் ஒருவரையாவது கொல்கிறது. இந்தியாவிலும் கர்ப்பிணிகளிடமும் சிசுக்களிடமும் கண்டறியப்பட்டிருக்கிறது. இரத்தத்தையோ முதுகுத் தண்டு நீரையோ கல்ச்சர் செய்தால்தான் தெரியும். செய்யாவிட்டால் வெறும் காய்ச்சல், வெறும் கருச்சிதைவு என்று போய்விடும். பப்பாளி தின்றாள், கண் பட்டது என்று பழி அந்தப் பெண்மேல் விழும். இதைவிட அநியாயம் வேறில்லை.

ஆகவே, வீட்டு மாட்டின் பாலே ஆனாலும், காய்ச்சாத பாலைக் கர்ப்பிணிகளும் முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் தொட வேண்டாம். அபிஷேகப் பாலும் அதில் சேர்த்தி. பொங்கக் காய்ச்சிய பாலில் லிஸ்டீரியா பிழைக்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குழம்பை வெதுவெதுப்பாக்கினால் போதாது, கொதிக்கவிடுங்கள். கர்ப்பிணிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், இரத்தக் கல்ச்சர் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். ஆம்பிசிலின் இதற்குக் கேட்கும். காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி கேட்காது.