பெயர் வைக்கும் முன் அசைத்துப் பார்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஒளிர்வு நிறமாலை வந்தது. அதற்குள் ஐந்து காஸியன் வளைவுகளைப் பொருத்தியிருக்கிறாய். கோடு புள்ளிகளின் மேல் அப்படியே படிந்திருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் ஐந்துக்கும் பெயர் வைத்துவிட்டாயே, அதுதான் எனக்கு இடிக்கிறது. எத்தனை காஸியன் கேட்டாலும் கணினி போட்டுக் கொடுக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று அது கேட்காது.

உன் சாம்பிளில் இண்டியம் காலியம் நைட்ரைடு குவாண்டம் கிணறுகள் இருப்பது காலியம் நைட்ரைடின் மேல். அதற்கும் கீழே சஃபயர். மொத்தக் கனம் 4 மைக்ரான் என்கிறாய். கிணற்றில் பிறக்கும் ஒளியில் ஒரு பங்கு நேராக மேலே வரும். இன்னொரு பங்கு கீழே போய், சஃபயர் எல்லையில் மோதித் திரும்பி இதனோடு சேரும். இரண்டும் ஒத்துப்போகிற அலைநீளத்தில் மேடு, முரண்படுகிற இடத்தில் பள்ளம். 450 நானோமீட்டரில் காலியம் நைட்ரைடின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.5. கணக்குப் போட்டால் மேட்டுக்கு மேடு 10 நானோமீட்டர் வருகிறது. நிறத்துக்கு நிறம் விலகல் எண் மாறுவதால் அந்த இடைவெளி இன்னும் சற்றுக் குறையும். உன் படத்தில் அளந்தேன்: ஒன்பதுக்குப் பக்கம். நீ உன் ஐந்து வளைவுகளில் இரண்டை ஃபோனான் பிரதிகள் என்று குறித்திருக்கிறாய். காலியம் நைட்ரைடில் அந்த ஃபோனானின் ஆற்றல் சுமார் 91 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இந்த நிறத்தில் அது 15 நானோமீட்டர் இடைவெளியாகத் தெரிய வேண்டும். ஒன்பது எப்படிப் பதினைந்தாகும்?

என் கணக்கையும் நம்பாதே. சாம்பிளைச் சாய்த்துப் பார். இப்படி இரண்டு ஒளிகள் சேர்ந்து உண்டாக்கிய குறுக்கீட்டு மேடுகள் என்றால் நீலப் பக்கம் நகரும். ஃபோனான் பிரதிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் 30 டிகிரி சாய்த்துவிடாதே. உன் கனத்துக்கு அந்தச் சாய்வில் மேடுகள் கிட்டத்தட்ட ஒரு முழு இடைவெளி நகர்ந்து, அடுத்தது முந்தையதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். ஒன்றும் அசையவில்லை என்று சந்தோஷப்பட்டுவிடுவாய். ஐந்தைந்து டிகிரியாகப் போ. அதே இடத்தில் வெள்ளொளியைப் பாய்ச்சி எதிரொளிப்பையும் எடுத்துக்கொள். மேடு பள்ளம் அதிலும் அதே இடைவெளியில் வந்தால் வழக்கு முடிந்தது.

அடுத்து, 550 நானோமீட்டரில் பரந்து கிடக்கும் அந்த மஞ்சள். கிணற்றின் குறைபாடு என்று எழுதியிருக்கிறாய். உன் லேசர் 325 நானோமீட்டர். காலியம் நைட்ரைடின் பட்டை இடைவெளியான 3.4 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய ஆற்றல். அது மேலே உள்ள அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளறிவிடும். மஞ்சள் ஒளிர்வு காலியம் நைட்ரைடுக்கே பழைய சொத்து. உங்கள் லேபில் 405 நானோமீட்டர் டயோடு லேசர் இருந்தால் இரவல் வாங்கு. அதன் ஆற்றல் 3.06 எலக்ட்ரான் வோல்ட்தான், காலியம் நைட்ரைடில் பெரிதாக உறிஞ்சப்படாது, கிணறு உறிஞ்சும். மஞ்சள் பெருமளவு அடங்கிவிட்டால் பழியைக் கிணற்றின் மேல் போடாதே. (650-ல் ஊசிபோல ஒன்று நிற்கிறதே, அது உன் லேசரின் இரண்டாம் படி. ஃபில்டர் போடு.)

1974-இல் பெல் ஆய்வகத்தில் டிங்கிள், வீக்மன், ஹென்றி மூவரும் காலியம் ஆர்சனைடு கிணறுகளின் உறிஞ்சலை அளந்தபோது செய்ததும் இப்படி ஒன்றை அசைத்துப் பார்த்ததுதான். கனத்தை மாற்றினார்கள், ஆற்றல் மட்டங்கள் கணக்குச் சொன்னபடி இடம் மாறின. அந்த நகர்வுதான் சாட்சி, ஒற்றை வளைவின் அழகு அல்ல.

லேசர் திறனைக் கூட்டக் கூட்டக் கிணற்றின் முகடு நீலப் பக்கம் போகிறது, ஆகவே உள் மின்புலம் மறைக்கப்படுகிறது என்கிறாய். இருக்கலாம். இண்டியம் செறிந்த இடங்களில் உள்ள தாழ்ந்த நிலைகள் நிரம்பினாலும் அதே நகர்வு வரும். அகலத்தையும் சேர்த்துப் பார்: நகரும்போது முகடு ஒடுங்கினால் உன் பக்கம் நியாயம் கூடும்; ஆற்றல் கூடிய பக்கம் விரிந்தால் மற்றதைச் சந்தேகி. திறனை மேலும் ஏற்றும்போது சிவப்புப் பக்கம் திரும்பினால் சாம்பிள் சூடாகிறது, வேறு பெரிய இயற்பியல் ஒன்றும் அங்கே இல்லை.

அறை வெப்பநிலை ஒளிர்வை 10 கெல்வின் ஒளிர்வால் வகுத்து, அதையே அகக் குவாண்டம் திறன் என்று போட்டிருக்கிறாய். எல்லாரும் போடுகிறார்கள், தெரியும். குளிரில் நூற்றுக்கு நூறு ஒளிர்கிறது என்பது அளவீடு அல்ல, எடுகோள். குளிரில் லேசர் திறனை மாற்றி எடு. ஒளிர்வும் அதே விகிதத்தில் ஏறுகிறதா என்று பார். ஏறாவிட்டால் அந்த எண்ணை ஆய்வேட்டில் சேர்க்காதே. உன் வழிகாட்டி கேட்டாலும் இதையே சொல்.

நானோமீட்டரிலிருந்து எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றும்போது செறிவை அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினாயா? உன் கோப்பில் அச்சு மட்டும்தான் மாறியிருப்பதுபோலத் தெரிகிறது. நீல முகட்டுக்கு இதனால் அதிகம் கெடாது, மஞ்சளுக்குக் கெடும்.

சாய்வு அளவீடு முடிந்ததும் திருத்தம் செய்யாத மூலக் கோப்புகளை அனுப்பு. லேசரை மூடி எடுத்த பின்னணியும் வேண்டும். பொருத்திய வளைவுகள் இப்போதைக்கு வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா