பழைய மோட்டார்ஹோமுக்குப் புது பேட்டரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய மோட்டார்ஹோமை வாங்குபவர்கள் முதலில் மாற்ற நினைப்பது வீட்டு பேட்டரியைத்தான். எஞ்சினைக் கிளப்பத் தனி பேட்டரி உண்டு. விளக்கு, தண்ணீர் பம்ப், கேஸ் ஹீட்டரின் விசிறி, கேஸ் கசிவு அலாரம் எல்லாம் இந்த வீட்டு பேட்டரியை நம்பி ஓடுகின்றன. அது இரண்டே வருடத்தில் செத்துப்போகும்; புதிது வாங்குவார்கள்; அதுவும் அதே கதிக்கு ஆளாகும். பழி பேட்டரி கம்பெனி மேல் விழும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் குற்றம் சார்ஜர் மேல்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

“நல்ல பிராண்டாகப் பார்த்து வாங்கினால் நீண்ட நாள் உழைக்கும்.” முதல் நம்பிக்கை இதுதான். அதிகப் பணம் தின்பதும் இதுதான்.

வெளி மின்சாரத்தை 12 வோல்ட் அமைப்புக்கு ஏற்றபடி மாற்றி, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும் பெட்டிக்கு கன்வெர்ட்டர் என்று பெயர். 1990-களில் தயாரான வண்டிகள் பலவற்றில் இருக்கும் கன்வெர்ட்டர் எந்நேரமும் ஒரே வோல்ட்டைத்தான் கொடுக்கும்: 13.6 வோல்ட், கொஞ்சம் முன்பின். தண்ணீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரி ஒழுங்காக நிறைய வேண்டுமானால் சில மணி நேரமாவது 14.4 முதல் 14.8 வோல்ட் வரை வேண்டும். நிறைந்ததும் 13.2, 13.5 என்று இறங்கிவிட வேண்டும். பழைய பெட்டியால் இரண்டும் ஆகாது. ஓரிரவு மட்டும் பிளக்கில் போட்டால் பேட்டரி அரைகுறையாக நிற்கும். நிறையாத தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிக் கொள்ளளவு சுருங்கும். மாதக்கணக்கில் பிளக்கிலேயே விட்டால் தண்ணீர் வற்றும். ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகியவர்கள்கூட, வண்டியில் பேட்டரி வாசல் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். வண்டியைப் பிளக்கில் போட்டு, பேட்டரி முனைகளில் வோல்ட்டை அளந்து பாருங்கள். முதல் மணி நேரத்திலும் மறுநாளும் அதே 13.6 காட்டினால், மாற்ற வேண்டிய முதல் பொருள் கன்வெர்ட்டர். நிலைக்கு ஏற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் புதிய கன்வெர்ட்டர்கள் எளிதாகக் கிடைக்கின்றன.

“மரைன் டீப் சைக்கிள் என்று மேலே எழுதியிருக்கிறதே!” எழுத்தை நம்பாதீர்கள். அந்தப் பெயரில் விற்கும் 12 வோல்ட் பேட்டரிகளில் பல, படகின் எஞ்சினைக் கிளப்பவும் வேண்டும், விளக்கெரிக்கவும் வேண்டும் என்று இரண்டுங்கெட்டானாகச் செய்யப்பட்டவை. கிளப்பும் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் சீக்கிரம் கெடும். லேபிளில் கிராங்கிங் ஆம்பியர் பெரிய எழுத்தில் இருந்து, 20 மணி நேரக் கணக்கிலான ஆம்பியர்-மணி எங்குமே இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். ஈய-அமிலத்தில் என் தேர்வு கோல்ஃப் வண்டிகளுக்கான 6 வோல்ட் பேட்டரிதான். தடித்த தகடு, சுமார் 220 ஆம்பியர்-மணி, எடை 28 கிலோவை ஒட்டி. வாங்கும் முன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வழக்கமான 12 வோல்ட் பேட்டரியைவிட உயரம் அதிகம்.

12 வோல்ட் பெற இந்த 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டை இணைத்தால் 440 ஆம்பியர்-மணி கிடைக்கும் என்பது தவறு. தொடராக இணைக்கும்போது வோல்ட்தான் கூடும். ஆம்பியர்-மணி அதே 220. அதிலும் பாதியைத்தான் தாராளமாகச் செலவழிக்கலாம். பாதிக்குக் கீழே ஒருமுறை போனாலே பேட்டரி செத்துவிடும் என்று பயப்படவும் தேவையில்லை. ஆழமாக இறக்க இறக்க ஆயுள் படிப்படியாகக் குறையும், அவ்வளவுதான்.

சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று இன்னும் பலர் பலகை போடுகிறார்கள். ஒரு காலத்தில் பேட்டரிப் பெட்டியே மரத்திலும் கெட்டி ரப்பரிலும் இருந்தது. ஈரம் பட்டால் மின்சாரம் கசியும். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தக் கவலை கிடையாது. குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது கவனிக்க வேண்டியது வேறு: முழு சார்ஜில் இருக்கும் ஈய-அமில பேட்டரி மைனஸ் 40 டிகிரி குளிரிலும் உறையாது, வெறுமையான பேட்டரி மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறைந்து வெடிப்பு விடும்.

இனி லித்தியம். “அதே இடத்தில் உட்காரும், பழைய வயரை மாட்டினால் போதும்” என்பது விற்பவர்களின் வாசகம். உட்காரும்தான், வேலை அத்தோடு முடியாது. மோட்டார்ஹோமுக்கு விற்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, பேச்சுவழக்கில் எல்எஃப்பி, 14.2 முதல் 14.6 வோல்ட் வரை எதிர்பார்க்கும். பழைய கன்வெர்ட்டரில் மெதுவாக ஏறும். உள்ளே இருக்கும் செல்களைச் சமன் செய்யும் வேலை நடக்காமல் போகலாம். ஓடும் எஞ்சினிலிருந்து சார்ஜ் ஆகும்போது சிக்கல் தலைகீழ். ஈய பேட்டரி நிறைய நிறையத் தானே குறைத்து வாங்கும். எல்எஃப்பி கடைசிவரை கிடைப்பதையெல்லாம் இழுக்கும். பழைய ஆல்டர்னேட்டர் அதில் சூடேறிக் கருகக்கூடும். இடையில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்து இழுப்பைக் கட்டுப்படுத்த வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே எல்எஃப்பியைச் சார்ஜ் செய்யவே கூடாது. சுவரில் இருக்கும் நான்கு விளக்கு மீட்டரும் பயன்படாது. அது வோல்ட்டைப் பார்த்துச் சொல்வது, எல்எஃப்பியோ பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும். உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரை எண்ணும் ஷன்ட் பொருத்திய மீட்டர் வேண்டும்.

இத்தனை செலவுக்கும் பலன் உண்டு. தேசியப் பூங்கா முகாம்களில் பெரும்பாலானவற்றில் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டவும் நேரக் கட்டுப்பாடு இருக்கும். ஈய பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்காகும் என்பதால் அந்த நேரத்துக்குள் அது நிறையாது. எல்எஃப்பிக்கு அந்த இழுபறி இல்லை. தீப்பிடிக்கும் என்ற அச்சம் செல்போன், மின்சார ஸ்கூட்டர் செய்திகளைப் பார்த்து வருவது. எல்எஃப்பி, வெப்பத்தை மேலும் நன்றாகத் தாங்கும் வேறு வேதியியல். மோசமாக இறுக்கிய முனையும் ஃபியூஸ் இல்லாத வயரும் எந்த பேட்டரியிலும் தீயை வரவழைக்கும்.

கடைசியாக, “போதவில்லை என்றால் இன்னொன்று சேர்க்கலாம்.” சேர்ப்பதற்கு முன் செலவைப் பாருங்கள். பழைய குண்டு பல்பு ஒன்று சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். ஆறு பல்பு நான்கு மணி நேரம் எரிந்தால் 36 ஆம்பியர்-மணி. அதே இடத்தில் எல்இடி போட்டால் ஐந்தாறில் முடிந்துவிடும். மீதமாகும் 30 ஆம்பியர்-மணி, 8 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டர் விசிறியைக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் சுழற்றும். பழைய பேட்டரியோடு புதிதைச் சேர்ப்பதும் வேண்டாம். பழையது புதியதையும் கீழே இழுக்கும்.

முகாமில் பிளக் கிடைக்கும் இடங்களிலேயே தங்குபவருக்கு, ஒரு ஜோடி கோல்ஃப் வண்டி பேட்டரியும் புதிய கன்வெர்ட்டரும் போதும். பாலைவனத்திலும் பூங்காவிலும் வாரக்கணக்கில் தங்கி, இன்வெர்ட்டர் வைத்து மைக்ரோவேவ் ஓட்டுபவர் லித்தியம் வாங்கலாம். ஆனால் கன்வெர்ட்டர், டிசி-டிசி சார்ஜர், மீட்டர் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடிந்தால் மட்டும்.