கட்டிலைச் சுமக்கிறவர்கள்

வேதபாடம்: யோவான் 9:1-3, மாற்கு 2:1-5, யோவான் 19:25-27



வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மாரிடமிருந்து, வார்டுகளில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை மூன்று கேள்விகள். அவற்றை வேத வெளிச்சத்தில் தியானிப்போம்.

1. "இது யார் செய்த பாவம், ஐயா?"

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதையே கேட்டார்கள். அவன்மேலும் அவன் பெற்றோர்மேலும் குற்றம் சுமத்த ஆண்டவர் மறுத்துவிட்டார். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. குறைமாதப் பிரசவம், பிறக்கையில் ஆக்சிஜன் குறைவு, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றாலும் குறைபாடு ஏற்படலாம். பல பிள்ளைகளில் காரணமே தெரிவதில்லை. ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் நாங்களும் ஒரு தாயிடம் பாவ அறிக்கையைப் பற்றியே பேசினோம். அவள் மறுபடி பிள்ளையைச் சிகிச்சைக்குக் கொண்டுவரவில்லை. அந்த நாளை நாங்கள் மறக்கவில்லை.

2. "எத்தனை நாள் தனியாய்த் தூக்குவேன்?"

கப்பர்நகூமின் திமிர்வாதக்காரனைச் சுமக்க நான்குபேர் இருந்தார்கள். நம் தாய்மாரில் பலருக்கு ஒருவரும் இல்லை. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, தானாய் உண்ணவும் உடுத்தவும் பயிற்சி ஆகியவற்றைச் சிகிச்சையறையில் கொஞ்ச நேரமே கொடுக்க முடியும். மீதியெல்லாம் வீட்டில், தாயின் கையில். ஆகவேதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில், பெற்றோர் பிள்ளையோடு தங்கியே பயிற்சி பெறுகிறார்கள். சபையாரும் கட்டிலின் ஒரு மூலையைப் பிடிக்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அந்தத் தாய் சற்றுத் தூங்குவாள்.

3. "எங்களுக்குப் பிறகு யார்?"

சிலுவையின் வேதனையிலும் ஆண்டவர் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்புவித்தார். முன்னேற்பாடு செய்வது அவிசுவாசமல்ல. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. பிள்ளைக்கு 18 வயதானபின் சட்டப்படியான பாதுகாவலர் தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பல பெற்றோருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுப்பதும் ஊழியமே.

சிந்திக்க:

நம் ஆராதனையில் சத்தமிடும் பிள்ளையைக் கண்டு நாம் திரும்பி முறைக்கிறோமா, அல்லது அந்தத் தாய்க்கு அருகில் உட்காருகிறோமா?

நம் தெருவில் எந்தக் கட்டிலின் மூலை யாரும் பிடிக்காமல் கிடக்கிறது?

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை இத்தாய்மாரின் பஸ் கட்டணமாகவும், பயிற்சி நாட்களின் சாப்பாடாகவும் மாறுகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். அதோடு, இம்மாதம் இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் நீங்களே போய்வரும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

ஜெபம்: ஆண்டவரே, குற்றஞ்சாட்டிய எங்கள் நாவை மன்னியும். சுமக்கிற கைகளை எங்களுக்குத் தாரும். ஆமென்.