அப்பாவை மூலிகை ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: ஆடு மேய்த்து எங்களை வளர்த்த அப்பாவுக்கு இப்போது 71 வயது. ஒரு வருடமாக மறதி. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார். மறதி நோய் என்று டோனெபெசில் மாத்திரை தருகிறார்கள். வல்லாரைச் சாற்றில் செய்த கேப்சூலை வைத்து நடக்கும் ஆய்வில் அவரைச் சேர்க்கச் சொல்லி ஒரு மருத்துவமனையில் கேட்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று அம்மா அழுகிறார். மூலிகைதானே, என்ன கெடுதல் என்கிறார் மாமா.
- ர.செ., தேர்வாய் கண்டிகை

பதில்: அம்மாவைத் தேற்றுங்கள், ர.செ. கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினார் என்பதற்காக மருத்துவமனை அவருடைய வழக்கமான சிகிச்சையை நிறுத்தவும் கூடாது. ஆய்வினால் உடல்நலம் கெட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நெறிமுறை.

மாமாவின் பேச்சுதான் எனக்குக் கவலை தருகிறது. மூலிகை என்பதற்காகவே ஒன்றை நம்பிவிட முடியாது. ஜின்கோ என்ற மர இலையின் சாறு மறதியைத் தடுக்கும் என்று நம்பி உலகம் முழுக்க வாங்கிச் சாப்பிட்டார்கள். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அந்தச் சாறும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் ஆறு ஆண்டு அளவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் வருவது குறையவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை ஏன் என்று கேட்பீர்கள். மறதி நோயில் ஒரு நாள் தெளிவு, மறுநாள் குழப்பம். புது மருந்து வந்ததும் வீட்டாரின் கவனிப்பு கூடும், அதிலேயே நோயாளி தெம்பாவார். மருந்து வேலை செய்ததா என்பதை இதிலிருந்து பிரித்தறிய வேறு வழியில்லை. அப்பாவுக்கும் வெற்று மாத்திரை கிடைக்கலாம். அதைத் தெரிந்தே சேருங்கள்.

மூலிகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்று மறதி நோய்க்கு எழுதித் தரும் காலன்டமைன் ஒரு பூச்செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் வல்லாரைத் துவையல் வேறு, செறிவூட்டிய சாறு (சத்தைப் பிரித்துத் திரட்டியது) வேறு. வல்லாரை மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு மஞ்சள் காமாலை வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. கல்லீரல் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரின் மேய்ச்சல் நிலம் தொழிற்சாலையும் புதுச் சாலையுமாக மாறிவிட்டது. பழைய தடம் தேடிப் போகிறவர் அங்கே திகைத்து நிற்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. சொந்தத் தெருவில், கோயிலுக்குப் போகும் வழியில் தடுமாறுகிறாரா? அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். சிகிச்சையில் அது தேறவும் கூடும். இவற்றுக்கான பரிசோதனைகள் முடிந்தனவா என்று முதலில் பாருங்கள்.

ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லை என்றாலோ, மருந்துக்குப் பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அப்பாவுக்கும் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். மறதி இருந்தாலும் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

டோனெபெசிலை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டில் லேகியமோ சூரணமோ கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து.