உதிராத இறகு: ஜப்பானின் ஓனகதோரிக் கோழி

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது ஷிகோகு. அதன் தென்பகுதியிலுள்ள கோச்சி மாவட்டம் (கேரளத்துக் கொச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை) முற்காலத்தில் தோசா எனப்பட்டது. 'ஓனகதோரி', அதாவது 'நீள்வால் கோழி' என்னும் அழகுக் கோழியினம் அங்கு உருவானதாகும்.

உடலளவில் இது சிறிய கோழியே. சேவலின் எடை பொதுவாக இரண்டு கிலோவை எட்டுவதில்லை. ஒற்றைக் கொண்டையும் வெண்ணிறக் காதுமடல்களும் உடையது. பெட்டை இடும் முட்டைகளும் குறைவு. ஆகவே பண்ணைக் கணக்கில் இதற்கு இடமில்லை. இதன் சிறப்பு முழுவதும் சேவலின் வாலில் அடங்கியுள்ளது.

வீட்டுக் கோழிகளின் மூதாதை, இந்தியக் காடுகளிலும் வாழும் செங்காட்டுக்கோழி. அது ஆண்டுதோறும் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியன பெறும். வீட்டுக் கோழிகளும் அவ்வாறே. ஓனகதோரிச் சேவலிலோ வால் பகுதி இறகுகள் சில உதிராமல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் நீண்டுகொண்டே போகின்றன. 1972இல் ஒரு சேவலின் இறகு 10.6 மீட்டர் இருந்ததாகப் பதிவாகியுள்ளது.

இப்பண்பு மரபுவழி வருவது. ஆயினும் மரபு மட்டும் போதாது. தரையில் திரியும் சேவலின் வால் சேற்றில் புரண்டு ஒடிந்துவிடும். எனவே 'தோமேபாக்கோ' என்னும் உயர்ந்த, குறுகிய மரப்பெட்டியில், மேலே பொருத்திய கட்டையில் சேவலை அமரச் செய்து வாலைத் தொங்கவிடுவர். வெளியே உலவவிடும்போது வளர்ப்பவர் வாலைக் கையில் ஏந்திப் பின்செல்வார். நன்கு திரும்பவும் இடமில்லாத இவ்வாழ்க்கை பறவைக்கு இன்பமானது என்று கூற இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீள்வால் கோழிகள் ஜெர்மனியை அடைந்தன. அங்குப் பிற இனங்களுடன் கலந்து உருவாக்கிய பீனிக்ஸ் கோழியின் வால் அழகியதே. ஆனால் இறகுதிர்ப்பு திரும்பிவிட்டதால் நீளம் குன்றியது. கலப்பில் பண்பு கெடுகிறது. கலவாதிருந்தால், எஞ்சிய சில பறவைகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, கருவளமும் உடல் வலிமையும் குறையும் அபாயம் எழுகிறது. பாதுகாவலரின் உண்மையான இடர்ப்பாடு இதுவே.

ஜப்பானிய அரசு இவ்வினத்தை 1923இல் இயற்கை நினைவுச் சின்னமாகவும், 1952இல் சிறப்பு இயற்கை நினைவுச் சின்னமாகவும் அறிவித்தது. அறிவிப்பு மதிப்பைத் தந்தது. இணை சேர்க்கும் பொறுப்பு வளர்ப்போரிடமே உள்ளது. அப்பணியும் எளிதன்று. பெட்டையைப் பார்த்து அதன் தரத்தை அறிய இயலாது. அதற்குப் பிறந்த சேவற்குஞ்சுகள் வளர்ந்து, முதல் இறகுதிர்ப்புப் பருவத்தில் வாலிறகைத் தக்கவைத்துக் கொள்கின்றனவா என்று காத்திருந்தே அறிய வேண்டும்.